வீட்டு அறையே அலுவலகம்: வாடகையையும் கரண்ட் பில்லையும் வருமான வரியில் கழிக்கலாமா?

கேள்வியின் சாரம் இது: சென்னையில் மாதம் 28,000 ரூபாய் வாடகைக்கு ஒரு ஃபிளாட். அதன் ஓர் அறையில் உட்கார்ந்து மனைவி ஃப்ரீலான்ஸாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறார். ஆண்டு வரவு 22 லட்சம். கணவர் ஐடி கம்பெனியில் சம்பளத்துக்கு இருப்பவர், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வாடகை, மின்சாரம், இணையம், மேசை, நாற்காலி, லேப்டாப் இவற்றில் எதை யார் கழிக்கலாம்? சொந்த வீடு வாங்கினால் கணக்கு மாறுமா?

கணவர் கதையை முதலில் முடித்துவிடலாம், அது சின்னது. சம்பள வருமானத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதை வருமான வரிச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வரையறுத்து மூடிவைத்திருக்கிறது: நிலையான கழிவு (புதிய வரிமுறையில் 75,000, பழைய முறையில் 50,000), மாநிலத்துக்குக் கட்டும் தொழில் வரி (அதுவும் பழைய முறையில் மட்டும்), அரசு ஊழியருக்கான ஒரு பழைய சலுகை. அவ்வளவுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று நாற்காலி பில்லையும் இ.பி. பில்லையும் அவர் ரிட்டர்னில் நுழைக்க இடமே கிடையாது. அமெரிக்காவில் சதுர அடிக்கு 5 டாலர், 300 சதுர அடி வரை என்று எளிய முறை ஒன்று இருப்பதைப் படித்துவிட்டுப் பலர் இங்கேயும் தேடுகிறார்கள். அங்கேயே அது சுயதொழில் செய்பவருக்குத்தான். இந்தியச் சட்டத்தில் சுயதொழிலருக்கும்கூட அப்படி ஒரு தட்டை விகிதம் இல்லை.

சம்பளக்காரருக்கு இருக்கும் ஒரே வழி கம்பெனி வழிதான். ‘வொர்க் ஃப்ரம் ஹோம் அலவன்ஸ்’ என்று மாதம் 3,000 ரூபாய் சம்பளத்தோடு வந்தால் அது முழுக்க வரிக்கு உட்பட்டது. அதே பணம் தொலைபேசி பில்லைக் காட்டிப் பெறும் ஈட்டுத்தொகையாக வந்தால் வரி இல்லை. பல நிறுவனங்கள் பிராட்பேண்டையும் அந்தக் கணக்கிலேயே வைக்கின்றன. கம்பெனி தன் பெயரில் வாங்கி உங்கள் வீட்டில் வைத்திருக்கும் லேப்டாப்புக்கும் வரிச் சுமை இல்லை. மேசை நாற்காலி அப்படியல்ல. சொந்த உபயோகத்துக்கும் கொடுத்ததாகக் கருதப்பட்டால் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் சம்பளத்தோடு சேரும். பழைய லேப்டாப்பைக் கம்பெனி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால், நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மீதி மதிப்பில் 50 சதவீதம் குறைத்து, மிஞ்சும் தொகையிலிருந்து நீங்கள் கொடுத்ததைக் கழித்து, வித்தியாசத்தைச் சம்பளமாகக் கணக்கிடுவார்கள்.

இனி மனைவியின் கணக்கு. இதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே சொல்லும் பிரிவு எண்களெல்லாம் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு அதுவே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். அதில் எண்கள் மாறுகின்றன. நான் அடிக்கடி குறிப்பிடப்போகும் 44ஏடிஏ (வரவில் பாதியையே லாபமாகக் காட்டவிடும் பிரிவு), புதிய சட்டத்தில் 58-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. அடிப்படைத் தர்க்கம் மாறவில்லை.

ஃப்ரீலான்ஸர் வருமானம் ‘தொழில் மற்றும் வியாபாரம்’ என்ற தலைப்பில் வருகிறது. அங்கே செலவுகளைக் கழிப்பது சலுகை அல்ல, லாபத்தைக் கணக்கிடும் முறையே அதுதான். அதனால் புதிய வரிமுறையில் இருந்தாலும் தொழில் செலவுகள் செல்லும். ‘புதிய முறையில் எந்தக் கழிவும் கிடையாது’ என்று நம்பி விட்டுவிடுபவர்கள் நிறைய. போய்விட்டவை எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு), 80சி (காப்பீடு, பிஎஃப் போன்ற சேமிப்புக்கான கழிவு), குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி போன்றவை. வாடகை (30), பழுது (31), தேய்மானம் (32), பொதுச் செலவு (37) எல்லாம் அப்படியே இருக்கின்றன.

வீட்டு அலுவலகத்துக்கு மிக முக்கியமான பிரிவை யாரும் அதிகம் சொல்வதில்லை: 38. ஒரே கட்டடத்தில் பாதி குடியிருப்பு, பாதி தொழில் என்றால், வாடகை, பழுது, வரி, காப்பீடு ஆகியவற்றில் தொழிலுக்குப் பயன்படும் பகுதிக்கு உரிய விகிதம் மட்டுமே செல்லும் என்கிறது அது. அந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் வரி அதிகாரியிடம் இருக்கிறது. ஆக, நீங்கள் போடுவது ஒரு மதிப்பீடு. அவர் கேட்டால் தாங்கி நிற்க வேண்டியது உங்கள் கணக்குத் தாள்.

உங்கள் எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். அறை 130 சதுர அடி, ஃபிளாட்டின் உள்பரப்பு 850 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 15.3 சதவீதம். இங்கே வழக்கமான பிழை ஒன்று: அறையை டேப் வைத்து அளந்துவிட்டு, வகுப்பதற்குப் பத்திரத்திலோ விளம்பரத்திலோ உள்ள ‘சூப்பர் பில்டப்’ பரப்பை எடுப்பது. அதில் படிக்கட்டும் லிஃப்டும் சேர்ந்திருக்கும். விகிதம் குறைந்து உங்களுக்கே நஷ்டம். மாறாக ‘இரண்டு படுக்கையறையில் ஒன்று, ஆகவே 50 சதவீதம்’ என்று போடுவது நேர் எதிர்ப் பிழை. ஹாலும் சமையலறையும் காணாமல் போய்விட்டன. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாடகையில் பங்கு கேட்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்; அறை தனியாக, வேலைக்கென்றே இருக்க வேண்டும்.

ஆண்டு வாடகை 3,36,000. அதில் 15.3 சதவீதம் 51,408. பராமரிப்புக் கட்டணம் மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000, பங்கு 5,508. குடிவரும்போது கொடுத்த அட்வான்ஸ் செலவே அல்ல, அது திரும்ப வரவேண்டிய பணம்.

மின்சாரத்துக்குப் பரப்பு விகிதம் பொருத்தமில்லை. பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இழுக்கும் கரண்டுக்கும் அறையின் அளவுக்கும் சம்பந்தமில்லை. கருவிகளை எண்ணுங்கள்: கணினி, மானிட்டர், மின்விசிறி, விளக்கு சேர்த்து 220 வாட், நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 25 நாள், மாதத்துக்கு ஏறக்குறைய 49.5 யூனிட், ஆண்டுக்கு 594. ஒரு டன் ஏசி மணிக்கு 0.8 யூனிட் என்று வைத்து, அதே 25 வேலை நாளில் தினம் 5 மணி நேரம், ஆறு மாதம்: 600. மொத்தம் 1,194 யூனிட். ஆண்டு முழுக்க வீட்டில் ஓடியது 4,200 யூனிட், ஆறு பில்களிலும் கட்டியது 24,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 6,823. சராசரி விலையில்தான் பெருக்க வேண்டும். ‘என் ஏசியால்தான் மேல் ஸ்லாபுக்குப் போனோம்’ என்று உச்ச விலையில் பெருக்கினால் வாதம் வளரும். இன்னொன்று, தமிழ்நாட்டு மின் கட்டண ஆணை, வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்கு மிகாத தொழில்முறை ஆலோசனை அறையை வீட்டு இணைப்பிலேயே வைத்துக்கொள்ள விடுகிறது. ஆளை வேலைக்கு வைத்து, போர்டு மாட்டி, இரண்டு அறையாக விரிந்தால் இணைப்பு வகையை மாற்றச் சொல்லும் நிலை வரும்.

இணையம் மாதம் 1,180, ஆண்டுக்கு 14,160. வீட்டில் இன்னொருவரும் அதிலேயே வேலை பார்க்கிறார், மாலையில் சீரியலும் ஓடுகிறது என்பதால் 70 சதவீதத்துக்கு மேல் போவது நியாயமில்லை: 9,912.

லேப்டாப், மேசை இவையெல்லாம் முதலீட்டுச் செலவு. ஒரே ஆண்டில் முழுத் தொகையும் செல்லாது, தேய்மானமாகத்தான் வரும். கணினிக்கு 40 சதவீதம், அறைகலன்களுக்கு 10, ஏசி போன்ற இயந்திரங்களுக்கு 15. உபயோகத்துக்கு வந்து அந்த நிதியாண்டில் 180 நாள் ஆகாவிட்டால் பாதிதான். லீப் அல்லாத கணக்கில் அக்டோபர் 3 கடைசி நாள். தீபாவளித் தள்ளுபடிக்காகக் காத்திருந்து அக்டோபர் கடைசியில் வாங்கினால் அந்த ஆண்டு 40 அல்ல, 20. ஆகஸ்டில் 1,20,000 ரூபாய் லேப்டாப்: 48,000. நவம்பரில் 30,000 ரூபாய் மேசை நாற்காலி: 1,500. இதில் பணமாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் கவனம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய பொருளின் விலை தேய்மானக் கணக்கிலேயே சேராது. வாடகைக்கும் இதே 10,000 வரம்புதான் (40ஏ(3)). வீட்டுக்காரர் ‘கையில் கொடுங்கள்’ என்றால் பணிவாக மறுத்து, வங்கி வழியே அனுப்புங்கள்.

மொத்தம் கூட்டினால் 1,23,151 ரூபாய். இத்தனை அளந்து, பெருக்கி, பில் சேர்த்து வந்தது இவ்வளவுதான்.

இப்போது இதை 44ஏடிஏ-வுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகவல் தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை, கணக்குத் தணிக்கை, உள்ளலங்காரம், தொழில்நுட்ப ஆலோசனை முதலிய பட்டியல் தொழில்களில், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை), வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மறுபாதி செலவு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது, பில் கேட்பதில்லை. உங்கள் 22 லட்சத்தில் 11 லட்சம் வருமானம். 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால், வேறு வருமானம் இல்லாதபட்சத்தில் வரி பூஜ்யம். உண்மைச் செலவு வழியில் போனால் 22,00,000-இல் 1,23,151 போக 20,76,849. புதிய முறையில் செஸ் சேர்த்து வரி ஏறத்தாழ 2,28,000 ரூபாய். கேள்விக்கு உண்மையான பதில் இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது: வீட்டு அலுவலகச் செலவைக் கோராதீர்கள், 44ஏடிஏ-வை எடுங்கள்.

பலர் செய்யும் தவறு, இரண்டையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பது. 44ஏடிஏ-வில் பாதியைக் காட்டிவிட்டு, அதற்கு மேல் வாடகைப் பங்கும் லேப்டாப் தேய்மானமும் கழிப்பது. 30 முதல் 38 வரையிலான எல்லாக் கழிவுகளும் அந்தப் பாதிக்குள்ளேயே தரப்பட்டுவிட்டதாகப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தேய்மானமும் ஆண்டாண்டு ஓடியதாகவே கருதப்படும். மூன்று ஆண்டு கழித்து உண்மைச் செலவு முறைக்கு மாறும்போது லேப்டாப்பை வாங்கிய விலைக்கே தொடங்க முடியாது. அடுத்து, முன்வரி (ஆண்டு முடியும் முன்பே கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ்). இந்த வழியில் நான்கு தவணை கிடையாது, வரி கட்டவேண்டி இருந்தால் முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும்.

பட்டியல் தொழிலில் இருந்துகொண்டு பாதிக்குக் குறைவாக லாபம் காட்டினால், மொத்த வருமானம் வரியில்லா அடிப்படை வரம்பைத் தாண்டும்போது கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். தணிக்கை செய்யாவிட்டால் வரவில் அரை சதவீதம் அல்லது 1,50,000, இரண்டில் குறைந்தது அபராதம். ஆடிட்டர் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேறு ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து வரவில் 60, 70 சதவீதம் வெளியே போகிறது என்றால் மட்டுமே அந்த வழி லாபம். சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி-யில் ஒருமுறை வெளியேறினால் ஐந்தாண்டு திரும்ப முடியாது என்ற பூட்டு இருக்கிறதே, அது 44ஏடிஏ-வில் இல்லை. ஓராண்டு உண்மைக் கணக்கு, மறு ஆண்டு பாதி என்று மாறிக்கொள்ளலாம்.

அப்படியானால் மேலே போட்ட கணக்கு யாருக்கு உதவும்? வரவு 75 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு. அவர்களுக்கு எப்படியும் தணிக்கை உண்டு, வீட்டுப் பங்கை விடுவது முட்டாள்தனம். பிறகு பட்டியலில் இல்லாத தொழில்காரர்கள்: மொழிபெயர்ப்பாளர், ஆன்லைன் டியூஷன் எடுப்பவர் போன்றோர். இவர்கள் ஐடிஆர்-3 படிவத்தில் லாப நட்டக் கணக்கு எழுதி, ஒவ்வொரு செலவையும் அதன் வரிசையில் காட்டலாம்.

காட்டும்போது மூன்று இடத்தில் சிக்கல் வரும்.

முதலாவது எச்ஆர்ஏ. கணவர் பழைய முறையில் இருந்து 28,000 வாடகை முழுவதையும் எச்ஆர்ஏ-வுக்குக் காட்டிவிட்டால், அதே வாடகையில் 15.3 சதவீதத்தை மனைவி தொழில் செலவாகக் கோர முடியாது. ஒரே ரூபாயை இரண்டு பேர் கழிக்கிறார்கள் என்று ஆகிவிடும். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். மனைவி தன் கணக்கிலிருந்து 4,284 ரூபாயாவது மாதா மாதம் நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பட்டும். கணவர் மீதியை மட்டும் எச்ஆர்ஏ-வுக்குக் காட்டட்டும். வீடு பெற்றோர் பெயரில் இருந்து அவர்களுக்கு வாடகை கொடுப்பதும் செல்லும், ஆனால் பணம் நிஜமாகக் கைமாற வேண்டும், அவர்கள் தங்கள் ரிட்டர்னில் வீட்டு வருமானமாகக் காட்ட வேண்டும், தொகை சந்தை வாடகையைத் தாண்டக் கூடாது. உறவினருக்குக் கூடுதலாகக் கொடுத்ததை 40ஏ(2) வெட்டிவிடும்.

இரண்டாவது டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. உங்கள் வாடகை 28,000 என்பதால் இது தொடாது. மாதம் 50,000-க்கு மேல் வாடகை கொடுப்பவர், தணிக்கை வரம்புக்குள் வராத தனிநபராக இருந்தாலும், 194ஐபி-யின் கீழ் 2 சதவீதம் பிடிக்க வேண்டும் (2024 அக்டோபருக்கு முன் 5). முந்தைய ஆண்டில் தொழில் வரவு 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 194ஐ பொருந்தும், 10 சதவீதம்.

மூன்றாவதுதான் எவரும் எதிர்பாராதது: ஜிஎஸ்டி. உங்கள் வரவு 22 லட்சம். சேவைக்குப் பதிவு வரம்பு 20 லட்சம், ஏற்றுமதி வரவும் அதில் சேரும். ஆகவே பதிவு தேவை. எல்யூடி எனும் உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் வெளிநாட்டு பில்லில் வரி போட வேண்டாம். ஆனால் 2022 ஜூலை 18 முதல், பதிவு பெற்றவர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியை வீட்டுக்காரருக்குப் பதில் அவரே, ஆர்சிஎம் (ரிவர்ஸ் சார்ஜ்) முறையில் கட்ட வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் ஒரு விலக்கு: தனி உரிமையாளர் தன் சொந்தப் பெயரில், தான் குடியிருக்க, தன் சொந்தக் கணக்கில் எடுத்தால் வரி இல்லை, தொழிலின் கணக்கில் எடுத்திருக்கக் கூடாது. வாடகைப் பங்கைத் தொழில் புத்தகத்தில் செலவாக எழுதிய அந்தக் கணமே இந்தக் கடைசி நிபந்தனை ஆட்டம் காண்கிறது. 51,408-க்கு 9,253 ரூபாய் முதலில் ரொக்கமாகக் கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாகவோ ஏற்றுமதி ரீஃபண்டாகவோ திரும்ப வாங்கும் அலைச்சல். வருமான வரியில் சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவுபெற்ற பலர் மின்சாரம், இணையம், தேய்மானத்தை மட்டும் கோரி, வாடகையைத் தொடாமல் விடுவதற்கு இதுவே காரணம்.

இனி சொந்த வீடு. உங்களுக்கு நீங்களே வாடகை கொடுத்ததாகக் கற்பனைத் தொகையைக் கழிக்க முடியாது. தொழிலுக்குப் பயன்படும் பகுதிக்கான பழுது, சொத்து வரி, காப்பீடு, தேய்மானம் செல்லும். குடியிருப்புக் கட்டடத்துக்குத் தேய்மானம் 5 சதவீதம், அதுவும் நிலத்துக்குக் கிடையாது. 60 லட்சம் ஃபிளாட்டில் யூடிஎஸ் எனும் பிரிபடாத நிலப் பங்கு 25 லட்சம் என்றால் மீதி 35 லட்சம்; அதில் 15 சதவீதம் 5,25,000; முதல் ஆண்டுத் தேய்மானம் 26,250. இருபது சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு மிச்சம் 5,250 ரூபாய்.

அதற்குக் கொடுக்கும் விலை, வீட்டை விற்கும்போது தெரியும். தேய்மானம் எடுத்த பகுதியின் லாபம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், 50-ஆம் பிரிவின்படி குறுகிய கால ஆதாயம். இன்னொரு வீடு வாங்கி 54-ஆம் பிரிவில் விலக்குக் கேட்கும்போதும், ‘வீட்டு வருமானம்’ என்ற தலைப்பில் வரும் குடியிருப்பு வீட்டுக்குத்தான் அந்த விலக்கு. அலுவலகப் பகுதி அந்தத் தலைப்பிலிருந்து 22-ஆம் பிரிவால் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. ‘வட்டியையும் பழுதையும் எடுத்துக்கொண்டு தேய்மானத்தை மட்டும் விட்டுவிடுகிறேன்’ என்றும் தப்ப முடியாது. நீங்கள் கோரினாலும் கோராவிட்டாலும் தேய்மானம் கழிந்ததாகவே கணக்கு என்று 32(1)-இன் ஐந்தாம் விளக்கம் சொல்கிறது.

கடன் வட்டி ஒன்றுதான் ஆசை காட்டும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே இல்லை. ஆனால் அலுவலகப் பகுதிக்கான வட்டியை 36(1)(iii)-இன் கீழ் தொழில் செலவாகக் கேட்கலாம். ஆண்டு வட்டி 4 லட்சம் என்றால் 60,000. வீடு வாங்க எடுத்த கடன் தொழிலுக்காக எடுத்ததா என்ற கேள்வி அதிகாரியிடமிருந்து வரும். வாங்கும்போதே அந்த அறையிலிருந்து தொழில் நடத்தும் திட்டம் இருந்ததைப் பழைய பில்களும் ஒப்பந்தங்களும் காட்டினால் நிற்கும். பத்தாண்டு குடியிருந்துவிட்டு நேற்று மேசை போட்டவருக்கு நிற்பது கடினம். விற்கும் எண்ணம் இல்லாத வீடு, பெரிய வட்டி, உயர்ந்த வரிப்படி மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் கட்டடத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எந்த வழியில் உண்மைச் செலவைக் கோரினாலும் ஒரு கோப்பு இப்போதே தொடங்குங்கள். அறையின் அளவுகளோடு கையால் வரைந்த தரைப்படம், தேதி தெரியும் புகைப்படம், வாடகை ஒப்பந்தம், பன்னிரண்டு மாத வங்கிப் பரிமாற்றம், ஆறு இ.பி. பில், கருவிகளின் வாட் கணக்கு, உங்கள் பெயரில் உள்ள லேப்டாப் பில். ஒப்பந்தத்தில் ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்ற வரி இருந்தால், ஓர் அறையில் தொழில்முறை வேலை செய்ய ஆட்சேபம் இல்லை என்று வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவுக்கும் அதே கடிதம் உதவும். விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு காரணமில்லாமல் மாற்றாதீர்கள். 15 சதவீதம் மறு ஆண்டு 35 ஆனால் அதுவே நோட்டீஸுக்கு அழைப்பு. மிகைப்படுத்திய கழிவு பிடிபட்டால், குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 சதவீதம் அபராதம். போலி பில் என்று தெரிந்தால் 200 சதவீதம். கோப்பைக் குறைந்தது, அந்த மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஆறு ஆண்டு வரை தூக்கிப் போடாதீர்கள்.